அந்து வேறு, விட்டில் வேறு

ஹவாய்த் தீவுக் காடுகளில் மட்டுமே வாழும் சின்னஞ்சிறு பூச்சி ஒன்றைப் பற்றிய கட்டுரையை வீட்டில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பிலேயே 'அந்துப்பூச்சி' என்று இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, "அது அரிசிக்குள்ள வருமா?" என்றாள். அவள் கேட்டது சரிதான். தப்பு, அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்தவருடையது.

அந்து என்றால் சேமித்து வைத்த தானியத்தைக் கெடுக்கும் சிறு பூச்சி. நெல்மணிக்குள் அதன் புழு இருந்து தின்று, வெறும் உமியை விட்டுவைக்கும். துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கிறோமே அந்துருண்டை, அதில் இருப்பதும் இதே அந்துதான். விட்டில் என்றால் விளக்கொளியைத் தேடி வந்து விழும் பூச்சி. 'விளக்கில் விழுந்த விட்டில் போல' என்று சொல்லாத ஆள் இல்லை. பொருள் விளக்கம் இவ்வளவு போதும்.

இப்போது எழுதுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பட்டாம்பூச்சிக்கு உறவான, ஆங்கிலத்தில் 'மாத்' (moth) எனப்படும் பெருங்கூட்டம் முழுவதையும் அந்துப்பூச்சி என்கிறார்கள். இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் சுமார் 1,60,000 இனங்கள். அவற்றில் தானியத்தையும் துணியையும் கெடுப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றின் பெயரை எல்லாவற்றின் தலையிலும் கட்டுவது என்ன நியாயம்? பட்டுப்புழு வளர்ந்து சிறகு முளைத்து வெளியே வந்தால் அதுவும் 'பட்டு அந்துப்பூச்சி' ஆகிவிடுகிறது. சிறகு வந்தபின் அது எதையுமே தின்பதில்லை. பட்டு கொடுத்த பூச்சிக்கு மூட்டையைக் கெடுக்கும் பூச்சியின் பெயர்! பயிர் காக்கும் வேளாண்மைக் குறிப்புகளில் 'தாய் அந்துப்பூச்சி' என்று எழுதுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அங்கே பேச்சே சேதத்தைப் பற்றியது. காட்டில் தன்பாட்டுக்கு வாழும் உயிருக்கு அந்தப் பழி எதற்கு? இந்தக் கூட்டத்துக்கு விட்டில் என்பதே பொதுப்பெயராக இருக்கட்டும் என்பேன்.

சிலர் 'இரவுப் பட்டாம்பூச்சி' என்று எழுதி அழகாக்கப் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசம். பகலில் பறக்கும் விட்டில்கள் ஏராளம். அதோடு, பட்டாம்பூச்சிகள் சுமார் 18,000 இனங்கள்தான். அவையே விட்டில் குலத்தில் கிளைத்த ஒரு கிளை. மரத்துக்குக் கிளையின் பெயரை வைப்பார்களா?

விட்டிலுக்கு எதிராகச் சொல்லத்தக்க ஒன்று உண்டு, மறைக்கவில்லை. அகராதியில் அதற்கு வெட்டுக்கிளி என்ற பொருளும் இருக்கிறது. மலையாளத்தில் விட்டில் என்றால் வெட்டுக்கிளிக் கூட்டம்தான். வடமொழிச் 'சலபம்' கூட அப்படித்தான், விளக்கில் விழுவதற்கும் அதே சொல், வெட்டுக்கிளிக்கும் அதே சொல். சலபாசனம் என்ற யோகாசனத்தைச் செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் இன்றைய தமிழில் வெட்டுக்கிளிக்கு வெட்டுக்கிளி என்ற சொல்லே உறுதியாக நிற்கிறது. ஆகவே விட்டில் நம் கைக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் அதைத் தொடுவதில்லை.

சரி, அந்த ஹவாய்ப் பூச்சிக்கு வருவோம். ஹைப்போஸ்மோகோமா என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி, 1881-இல் பெயரிடப்பட்டது. ஹவாய்த் தீவுகளுக்கு வெளியே எங்கும் இல்லை. நூற்றுக்கணக்கான இனங்கள். புழுக்கள் பட்டு நூலால் தங்களைச் சுற்றிக் கூண்டு கட்டி, அதைச் சுமந்துகொண்டே ஊரும். 2005-இல் அறியப்பட்ட ஓர் இனத்தின் புழு, நத்தையை நூலால் இலையோடு கட்டிப்போட்டுவிட்டு அப்புறம் தின்னும். வயலில் நெல்லைத் தாக்கும் வேறொரு புழுவை நம் உழவர்கள் 'கூண்டுப்புழு' என்று அழைக்கிறார்கள். எவ்வளவு துல்லியமான சொல்! அதை ஒட்டி இந்தப் பேரினத்தை நான் 'கூண்டு விட்டில்' என்பேன்.

2025-இல் செய்திகளில் வந்தது இதே பேரினத்தின் இன்னொரு இனம். ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரே மலைத்தொடரில், சுமார் 15 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் இருக்கிறது. அதன் புழு சிலந்தி வலையில் குடியிருந்து, வலையில் சிக்கிச் செத்த பூச்சிகளைத் தின்று, மிஞ்சும் தலை, சிறகு, கால்களைத் தன் கூண்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் செல்லப்பெயரை அப்படியே பெயர்த்தால் 'எலும்பு சேகரிப்பான்' என்று வரும். பூச்சிக்கு ஏது எலும்பு? அது சேர்ப்பது காய்ந்த மேலோடு, தமிழில் கோது. 'கோது சுமக்கும் விட்டில்' என்று எழுதினால், படிக்கிறவர் கண்ணுக்கு அந்தப் புழு தெரியும்.