பிடித்ததை விடுவதற்கும் சக்தி வேண்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது. அதை அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலிக்கிறது. ஸ்கேன் எடுத்தேன், ஒன்றுமில்லை என்கிறார்கள். எல்லாம் என் கற்பனையா?”

கற்பனை இல்லை. தோளை அழுத்தினால் தலை வலிப்பது அவருக்கு மட்டும் நடக்கிற விசித்திரமும் இல்லை. 1938-இல் ஜான் கெல்கிரன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அடர்த்தியான உப்புக் கரைசலைத் தசைகளுக்குள் ஊசியால் ஏற்றி, வலி எங்கே தெரிகிறது என்று படம் வரைந்து வைத்தார். ஊசி போட்டது ஓரிடம், வலித்தது வேறிடம் என்று பல தசைகளில் நடந்தது. பின்னாளில் ஜேனட் டிராவெல் இதை இன்னும் விரிவாகச் செய்தார். கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, அவர் அதிபரானதும் வெள்ளை மாளிகை மருத்துவரானவர் இவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983-இல் அவர் வெளியிட்ட கையேடு, எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியை அனுப்பும் என்று தசை தசையாகச் சொல்கிறது. தோளின் மேல்பக்கத் தசை நெற்றிப்பொட்டுக்கு அனுப்பும். தோள்பட்டை எலும்பின் பின்னால் இருக்கும் தசை, தோளின் முன்பக்கத்துக்கு அனுப்பும். பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் சின்னத் தசை ஒன்று காலின் வெளிப்பக்கமாகக் கணுக்கால் வரை அனுப்பும். அதைச் சயாட்டிகா என்ற நரம்பு வலி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

வலி இடம் மாறுவதற்குக் காரணம் எளிது. வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்திலும் அதற்குச் சற்று மேலேயும் ஒரே நரம்பணுவில் வந்து சேர்கின்றன. செய்தி எந்தக் கிளையில் வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ட்ரிகர் பாயின்ட் என்று சொல்லப்படும் அந்த முடிச்சு, ஏன் முடிச்சாகவே நிற்கிறது?

பள்ளியில் படித்ததுதான். தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. தசையணுவின் கிடங்கிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. கயிறு இழுப்பவர்கள் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பது மாதிரிதான். தசை சுருங்குகிறது. இதற்கான சக்தியை ஏடிபி என்ற மூலக்கூறு தருகிறது.

இழுக்கத்தான் சக்தி வேண்டும், விடுவது சும்மா நடக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. மயோசின் தலை ஓர் இழுப்பை முடித்ததும் ஆக்டினை இறுகப் பற்றியபடியே நிற்கிறது. புதிதாக ஓர் ஏடிபி வந்து ஒட்டினால்தான் பிடியைத் தளர்த்தும். வராவிட்டால் அப்படியே நிற்கும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவது இதனால்தான். யாரும் அந்தத் தசைகளைச் சுருங்கச் சொல்லவில்லை; பிடியை விடுவிக்க ஏடிபி இல்லை, அவ்வளவுதான். பிறகு புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் விறைப்பு இளகுகிறது.

இன்னொரு செலவும் இருக்கிறது. கொட்டிய கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்குள் ஏற்றினால்தான் அடுத்த பிடி விழாமல் இருக்கும். அதற்கென்று இருக்கும் பம்புகள் இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே தள்ள ஓர் ஏடிபியைச் செலவழிக்கின்றன. ஆக, தளர்ந்து கிடக்கிற தசை சும்மா கிடக்கவில்லை. தளர்வாக இருப்பதற்கே அது ஓயாமல் சக்தியைச் செலவு செய்துகொண்டிருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இப்போது முடிச்சுக்கு வருவோம். சைமன்ஸ் முன்வைத்த விளக்கம் இது. ஏதோ ஒரு நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் தேவைக்கு மேல் கசிகிறது. அதன் கீழே இருக்கும் சிறு பகுதி மட்டும் விடாமல் சுருங்கி நிற்கிறது. சுருங்கிய தசை தன்னருகே ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. ஆக்சிஜன் வரத்து குறைகிறது, ஏடிபி உற்பத்தி படுக்கிறது. விடாமல் சுருங்கி நிற்பதால் ஏடிபியின் தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. கால்சியம் பம்புகள் திணறுகின்றன. கால்சியம் வெளியிலேயே கிடப்பதால் சுருக்கம் தொடர்கிறது. சுற்றி வளைத்து ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். மூளையின் கட்டளையால் வந்த சுருக்கம் இல்லை என்பதால், “தோளைத் தளர்த்து” என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டாலும் அந்த இடம் கேட்பதில்லை.

ஆதாரம் உண்டா? கொஞ்சம் உண்டு. 1993-இல் ஹப்பர்ட், பெர்காஃப் என்ற இருவர், முடிச்சுக்குள் வைத்த ஊசி முனையில் தொடர்ந்து மின்சலனம் இருப்பதையும், அதே தசையில் சற்றுத் தள்ளி வைத்தால் அமைதியாக இருப்பதையும் பதிவு செய்தார்கள். 2005-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஜெய் ஷா குழு, மெல்லிய ஊசி வழியே முடிச்சுக்குள்ளிருந்து திரவத்தை எடுத்துப் பார்த்தது. அமிலத்தன்மையும் பிராடிகைனின் போன்ற வலி தூண்டும் பொருள்களும் அங்கே கூடுதலாக இருந்தன.

கனமான மூட்டை தூக்காமல் வெறுமனே மவுஸைப் பிடித்து உட்கார்ந்திருப்பவருக்கு இது ஏன் வருகிறது என்று கேட்கலாம். லேசான வேலைக்குத் தசையின் சின்ன நார்த்தொகுதிகள்தான் முதலில் அழைக்கப்படும். எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக விடுவிக்கப்படுபவையும் அவைதான். தோளைச் சற்றே தூக்கி வைத்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அவற்றுக்கு ஓய்வே கிடையாது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே சின்ட்ரெல்லா கருதுகோள்; வீட்டில் முதலில் எழுந்து கடைசியாகப் படுக்கும் கதைப்பெண்ணின் பெயர்.

விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015-இல் குவின்ட்னர், கோஹன், போவ் மூவரும் இந்தக் கோட்பாட்டையே அடியோடு கேள்வி கேட்டு எழுதினார்கள். ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இருக்குமிடம் பற்றி அடிக்கடி ஒத்துப்போவதில்லை என்பதும் உண்மை. நம் உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எலும்புத் தசை. இதயத்துக்கும் தோலுக்கும் தனித்துறைகள் இருக்கின்றன. தசைவலிக்கு அப்படி ஒரு வீடு இல்லை. கட்டைவிரலால் அழுத்தும் வைத்தியத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால், பெரிய அளவில் ஆராயப் பணம் போட ஆளும் இல்லை என்பது என் ஆதங்கம்.

சரி, பிசியோதெரபிஸ்ட் என்ன செய்கிறார்? முதலில் தோளின் மேல்தசையை விரல்களுக்கு நடுவே பிடித்து, நாருக்குக் குறுக்காக உருட்டிப் பார்ப்பார். மற்ற இடமெல்லாம் மெத்தென்று போக, ஒரு பட்டை மட்டும் விறைப்பாகத் தட்டுப்படும். அதன்மேல் விரலை மெல்ல நகர்த்தினால் ஒரு புள்ளியில் ஆள் துள்ளுவார். அங்கே தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தி, அப்படியே பிடித்திருப்பார். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து, விரலின் அழுத்தம் மாறாமலே வலி மட்டும் குறைந்துகொண்டு வரும். விரலுக்கடியில் தசை கொஞ்சம் இளகும். அப்புறம் அந்தத் தசையை மெதுவாக நீட்டி விடுவார்.

இதில் “முடிச்சு உடைகிறது”, “நச்சு வெளியேறுகிறது” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தசையைப் போர்த்தியிருக்கும் உறை கைவிரல் அழுத்தத்தில் உருமாறுகிற அளவுக்கு மென்மையானது இல்லை. பலரும் குற்றம் சாட்டும் லாக்டிக் அமிலமோ, உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனதுமே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. அழுத்தம் தருகிற நிம்மதியில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலையாகத்தான் தெரிகிறது: தொடு உணர்வின் செய்திகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. அதனால்தான் கன்றிப் போகுமளவுக்கு நசுக்குவதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் பரப்பிய முறை இன்னும் மென்மையானது. தசையை நீட்டிய நிலையில், எதிரே வைத்த கைக்கு எதிராக லேசாகச் சுமார் பத்து விநாடி தள்ள வேண்டும்; மூச்சை விட்டபடி தளர வேண்டும்; கிடைத்த தளர்வு அளவுக்கு மட்டும் மேலும் நீட்ட வேண்டும். மருந்தில்லாத வெறும் ஊசியே வலியைக் குறைக்கிறது என்று 1979-இல் எழுதியவரும் இவர்தான். இன்று ட்ரை நீடிலிங் என்று செய்யப்படுவது அதன் வழிவந்தது. ஊசி சரியான இடத்தைத் தொட்டால் அந்தப் பட்டை மட்டும் ஒரு கணம் வெடுக்கென்று துடிக்கும். பலன் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் குறுகிய காலப் பலன். விலா எலும்புப் பக்கம் ஆழமாகக் குத்திவிட்டால் நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்தும் இருப்பதால், முறையாகப் பயின்றவர் கைதான் வேண்டும். மரத்துப் போதல், கை கால் பலவீனம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை வலியோடு சேர்ந்து வந்தால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் தண்டுவட நரம்பணுக்களே உணர்வு கூடிப்போய், சாதாரணச் செய்தியையும் வலியாகப் பெருக்கி அனுப்பத் தொடங்கியிருக்கலாம். 1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப் இதைச் சோதனையில் காட்டினார். அந்தக் கட்டத்தில் முடிச்சு முடிச்சாகத் தேடி அழுத்திக்கொண்டிருப்பதில் அர்த்தம் குறைவு. நல்ல தூக்கமும் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியும்தான் முக்கியம். பயிற்சி பெற்ற தசையில் நுண்குழாய்களும் ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. பிடியை விடுவதற்குத் தேவையான இருப்பு அங்கேதான் உருவாகிறது.

எவ்வளவு பயிற்சி? 2011-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், கழுத்தும் தோளும் அடிக்கடி வலிக்கிற 198 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் ரப்பர் பட்டையைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம் செய்தார்கள்; இன்னொரு பிரிவினர் 12 நிமிடம். வாரம் 5 நாள், 10 வாரம். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரு பிரிவினருக்குமே வலி தெளிவாகக் குறைந்தது. 12 நிமிடக்காரர்களுக்குக் கொஞ்சம்தான் கூடுதல்.