ஆன்டிடிரஸ்ட்: முற்றுரிமைத் தடுப்பு

வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ 'டிரஸ்ட்' என்றால் அறக்கட்டளைதான். அதனால் 'மைக்ரோசாஃப்ட் மீது ஆன்டிடிரஸ்ட் வழக்கு' என்ற செய்தியைப் படிக்கும் புது முதலீட்டாளருக்குக் குழப்பம் வருவது இயல்பு. 'நம்பிக்கை எதிர்ப்புச் சட்டம்' என்று மொழிபெயர்த்தால் குழப்பம் இன்னும் கூடும்.

சொல் பிறந்தது அமெரிக்க எண்ணெய் வணிகத்தில். 1882-இல் ஸ்டாண்டர்ட் ஆயிலைச் சேர்ந்த பல நிறுவனங்களின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை ஒன்பது அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார்கள். பெயர்கள் பல, பிடி ஒன்று. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'டிரஸ்ட்' என்று பெயர். அதை எதிர்த்து 1890-இல் ஷெர்மன் சட்டம் வந்தது. 1911-இல் அந்த நிறுவனத்தை 34 துண்டுகளாக உடைத்தார்கள்.

காசிமேட்டு ஏலத்தில் நாலு வியாபாரிகள் பேசிவைத்துக்கொண்டு விலையை அமுக்கினால் 'சிண்டிகேட் போட்டுட்டாங்க' என்போம். இந்தச் சட்டம் தடுப்பவற்றில் அதுவும் ஒன்று. இன்னொன்று, சந்தையைப் பிடித்த ஒரே நிறுவனம் அந்தப் பலத்தால் மற்றவர்களை நுழையவிடாமல் செய்வது. மைக்ரோசாஃப்ட் மீது 1998-இல் போட்ட வழக்கு இந்த இரண்டாவது வகை: விண்டோஸின் பலத்தை வைத்து நெட்ஸ்கேப் உலாவியை நசுக்கியது என்பது குற்றச்சாட்டு.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சமரசப் பேச்சு முறிந்த பிறகு, 2000 ஏப்ரல் 3 அன்று ஒரே நாளில் பங்கு சுமார் 14 விழுக்காடு விழுந்தது. ஜூனில் நிறுவனத்தை இரண்டாக உடைக்க உத்தரவு வந்தது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஆனால் முற்றுரிமையைத் தவறாகக் காத்துக்கொண்டது என்ற தீர்ப்பின் மையம் நின்றது. நிறுவனம் உடையவில்லை. ஆனால் அடுத்து வந்த கைபேசிச் சந்தையை ஆப்பிளும் கூகுளும் எடுத்துக்கொண்டன. வழக்கை மட்டும் கணக்கில் வைத்துப் பங்கை விற்றவரும் வாங்கியவரும் இந்தப் போட்டியைக் கணக்கில் விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஏகபோகத் தடுப்பு' எல்லோருக்கும் புரியும். நான் எழுதுவது 'முற்றுரிமைத் தடுப்பு'. இந்தியச் சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் 'போட்டிச் சட்டம்' என்பதே சரி. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே அதுதான். பெரிதாக வளர்வதை அது தடுப்பதில்லை, மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தத் தவறான பயன்பாட்டுக்காகத்தான்.