புரோபயாடிக் வாங்கிட்டீங்க சரி, நடக்க ஆரம்பிச்சீங்களா?

ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு, அதாவது லிவர்ல கொழுப்பு சேந்திருக்குன்னு வந்தா பாதி பேர் கண்டுக்கறதே இல்ல, மீதி பேர் நேரா போய் புரோபயாடிக் டப்பா, அதான் குடலுக்கு நல்லதுன்னு விக்கற பாக்டீரியா, வாங்கிடறாங்க. இந்த வாரம் ஒருத்தர் மூணு டப்பாவ என் மேஜைல வரிசையா வெச்சு, இதுல 30 பில்லியன் பாக்டீரியான்னு போட்டிருக்கு டாக்டர், போதுமா இல்ல 50 பில்லியன் வேணுமாங்கறார். நடக்கறீங்களான்னு கேட்டா, "அதான் இத சாப்பிடறேனே!"

குடல் பாக்டீரியாவுக்கும் லிவருக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லல. லிவருக்கு வர்ற ரத்தத்துல ஏறக்குறைய முக்கால்வாசி போர்ட்டல் வெயின்ங்கற ரத்தக்குழாய் வழியா குடல் பக்கத்துலேர்ந்துதான் வருது, அதனால குடல் சுவர்ல கசிவு இருந்தா பாக்டீரியா துண்டு துணுக்கெல்லாம் முதல்ல தாக்கறது லிவரத்தான். குடலுக்குள்ளயே ஆல்கஹால் தயாரிக்கற கிளெப்சியெல்லாங்கற பாக்டீரியா வகை பத்தி 2019ல சீனாவுலேர்ந்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அவங்க பாத்த ஃபேட்டி லிவர்காரங்கள்ல 60 சதவீதம் பேர் வரைக்கும் அது இருந்துச்சாம். (அதப் படிச்சுட்டு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்கன்னு வந்துடாதீங்க, தயவுசெஞ்சு.)

ஆனா இதுலேர்ந்து "அப்போ நல்ல பாக்டீரியாவ கடைல வாங்கி முழுங்கினா முடிஞ்சுது"ன்னு தாவறீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வருது. உங்க குடல்ல ஏற்கனவே கோடானுகோடி பாக்டீரியா குடியிருக்கு, நூத்துக்கணக்கான வகை. டப்பால இருக்கறது ஒண்ணோ பத்தோ வகை, அதுவும் பெரும்பாலும் தங்கறதில்ல, நிறுத்தினா கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும். தங்கினாலும் அதுக்கு நார்ச்சத்து வேணும், அது உங்க தட்டுல இல்லன்னா அது எதத் தின்னு பொழைக்கும்? சின்னச் சின்ன ஆராய்ச்சிகள்ல ரத்தத்துல பாக்கற லிவர் என்சைம் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கு, நிஜம்தான். அதுக்காக நடைக்கு பதிலா இதுன்னு யாரு சொன்னா?

வேடிக்கை என்னன்னா, நீங்க காசு குடுத்து வாங்க நினைக்கறத உடற்பயிற்சி சும்மாவே பண்ணுது. உக்காந்தே வேலை பாக்கறவங்கள 6 வாரம் பயிற்சி பண்ண வெச்சு, சாப்பாட்ட மாத்தாம பாத்தாங்க, 2018ல வந்த அமெரிக்க ஆராய்ச்சி. பியூட்டிரேட்னு குடல் சுவருக்கு நல்லது பண்ற ஒரு அமிலத்த தயாரிக்கற பாக்டீரியா கூடுச்சு, ஒல்லியா இருந்தவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சுது, குண்டா இருந்தவங்களுக்குக் கம்மி. பயிற்சிய நிறுத்தினதும் பழையபடி ஆயிடுச்சு. அதனால ஒரு மாசம் நடந்துட்டு விட்டா பிரயோஜனம் இல்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு, "ரெண்டு மாசம் நடந்தேன், வெயிட் குறையல, விட்டுட்டேன்". அய்யோ, வெயிட் மெஷின் முள்ளு நகரலன்னாலும் லிவர் கொழுப்பு குறையும்ங்க, பல ஆராய்ச்சில பாத்தாச்சு! வெயிட்டும் குறைஞ்சா ரொம்ப நல்லது, 7லேர்ந்து 10 சதவீதம் குறைஞ்சா பலருக்கு லிவர் வீக்கமே வத்தும். 80 கிலோ இருக்கறவங்களுக்கு அது ஆறு, எட்டு கிலோதான்.

வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்க, மூச்சு கொஞ்சம் வாங்கணும், பேச முடியணும், பாட முடியக்கூடாது. முட்டி வலின்னா சைக்கிள் மிதிங்க, வெயிட் தூக்குங்க, அதுவும் வேலை செய்யும். இனிப்பு பானத்த இன்னிக்கே நிறுத்துங்க. பயறு, காய், முழு தானியம் சாப்பிடுங்க. "லிவர் டீடாக்ஸ்", க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் பக்கமே போகாதீங்க, அதாலயே லிவர் கெட்டு வர்றவங்கள பாக்கறோம். நெஞ்சு வலி, சிரோசிஸ் (லிவர் முழுக்க தழும்பாகி இறுகிப் போறது) இருக்கறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேக்கறேன், சுகர் இருந்தா எஸ்ஜிபிடி (லிவர் பிளட் டெஸ்ட், ஏஎல்டின்னும் சொல்வாங்க) நார்மல்னு நிம்மதியா இருந்துடாதீங்க, நார்மலா இருக்கும்போதே உள்ள தழும்பு விழலாம். வயசு, ஏஎஸ்டி (எஸ்ஜிஓடின்னும் போட்டிருக்கும்), ஏஎல்டி, பிளேட்லெட் நாலையும் வெச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, உங்க பழைய பிளட் ரிப்போர்ட்லேர்ந்தே போடலாம். போடச் சொல்லிக் கேளுங்க, கூடுதலா வந்தா, லிவர் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்கற ஃபைப்ரோஸ்கேன் பண்ணிடுங்க.