பிரிட்டன் பென்ஷன்: ஊர் திரும்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2016-ல் பிரிட்டன் அரசின் முழு ஸ்டேட் பென்ஷன் வாங்கத் தொடங்கிய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இருவருக்கும் வாரம் 155.65 பவுண்டு. ஒருவர் ஸ்பெயினில் குடியேறினார். இன்னொருவர் சென்னைக்கு வந்துவிட்டார். 2026 ஏப்ரலில் இருந்து ஸ்பெயினில் இருப்பவருக்கு வாரம் 241.30 பவுண்டு. சென்னைக்காரருக்கு இன்றும் அதே 155.65. ஆண்டுக்குச் சுமார் 4,450 பவுண்டு குறைவு. சம்பளத்தில் பிடித்து, பென்ஷனுக்கு அடிப்படையாகும் நேஷனல் இன்சூரன்ஸ் சந்தாவை இருவரும் ஒரே அளவில்தான் கட்டினார்கள். மாறியது குடியிருக்கும் நாடு மட்டும்.

இதை உறைந்த பென்ஷன் என்கிறார்கள். உலகம் முழுக்க ஏறக்குறைய நான்கரை லட்சம் ஓய்வூதியர்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கும் ஆங்கிலேயர்கள். ஆனால் லண்டனில் கால் நூற்றாண்டு உழைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ திரும்பிய நம்மவர்களுக்கும் இதே கதிதான். ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்கு போய், 2010-ல் ஓய்வூதியர்கள் தோற்றார்கள். அதனால் நீதிமன்றம் காப்பாற்றும் என்று காத்திருக்காமல், கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டில் உயரும், எந்த நாட்டில் உறையும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜிப்ரால்டர், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், இஸ்ரேல், துருக்கி, ஜமைக்கா, பார்படாஸ், மொரீஷியஸ் போன்ற இடங்களில் குடியிருந்தால் பென்ஷன் ஆண்டுதோறும் ஏறும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் ஏறாது. இதில் நியாயம் தேடினால் கிடைக்காது. நயாகரா அருவியின் அமெரிக்கக் கரையில் வீடு இருந்தால் உயர்வு உண்டு, கனடாக் கரையில் இருந்தால் இல்லை. பிரிட்டனின் சொந்த ஆட்சிப்பகுதியான ஃபாக்லாந்து தீவுகளிலேயே பென்ஷன் உறைந்துதான் கிடக்கிறது.

பழைய சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கும் நாடுகளுக்குத்தான் உயர்வு என்பது அரசு சொல்லும் விளக்கம். கனடாவோடும் நியூசிலாந்தோடும் ஒப்பந்தம் இருந்தும் உயர்வு இல்லை என்பதால் அதுவும் முழு விளக்கமாகாது. இந்தியா பற்றி ஒரு புரளி சுற்றுகிறது. 2025 வர்த்தக ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பேசிய இரட்டைச் சந்தாத் தவிர்ப்பு ஏற்பாட்டால் இனி பென்ஷன் ஏறும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏறாது. தற்காலிகமாக இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் வேலைக்கு அனுப்பப்படும் ஊழியர்கள் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக்கும் சந்தா கட்டாமல், ஒரு நாட்டில் மட்டும் கட்டத்தான் அது.

பென்ஷன் எந்தத் தொகையில் உறையும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்தால், முதன்முதலில் கிடைக்கும் தொகையிலேயே நின்றுவிடும். பிரிட்டனில் சில ஆண்டுகள் வாங்கிவிட்டுப் பிறகு வந்தால், கிளம்பும்போது வாங்கிய தொகையில் நிற்கும். உயர்வு ஒவ்வோர் ஏப்ரலிலும் வருகிறது. பிப்ரவரியில் கிளம்ப நினைப்பவர் அந்த ஏப்ரல் உயர்வு கைக்கு வந்த பிறகு கிளம்பினால், அந்தக் கூடுதல் தொகை ஆயுள் முழுக்க இருக்கும்.

பிரிட்டனுக்கே திரும்பிக் குடியேறினால் அன்றைய முழுத் தொகை கிடைக்கும். மறுபடி இந்தியா வந்தால் அந்த முழுத் தொகை தொடரும் என்று எண்ண வேண்டாம். சில வாரங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது, அங்கே தங்கிய நாட்களுக்கு மட்டும் உயர்த்திய தொகையைக் கேட்டுப் பெறலாம். தானாக யாரும் தர மாட்டார்கள். போகும் முன் தகவல் சொல்லிவிட்டு, பயணச்சீட்டை வைத்திருங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகன் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டு ஊரில் இருப்பது. லண்டன் வங்கிக் கணக்கு இருந்தால் போதும் என்றும் நினைக்கிறார்கள். பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்பதற்கும் உயர்வுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காமல் வாங்கிய கூடுதல் தொகை முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள், மோசடி விசாரணையும் வரலாம். எண்பது வயதில் அந்தக் கடிதம் வீட்டுக்கு வரக் கூடாது.

ஒரு ஆறுதல்: உறைவது ஸ்டேட் பென்ஷன் மட்டும். என்.ஹெச்.எஸ். என்னும் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவர்கள், செவிலியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கு வரும் பணி ஓய்வூதியம் தனி. அது நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஆண்டுதோறும் ஏறும். இரண்டும் ஒரே கணக்கில் விழுவதால் எது எது என்று தெரியாமல் குழம்புகிறார்கள். இரண்டின் கடிதங்களையும் தனித்தனிக் கோப்பில் வையுங்கள்.

பத்தாவது ஆண்டு

புதிய ஸ்டேட் பென்ஷனில் முழுத் தொகைக்குப் பொதுவாக 35 தகுதி ஆண்டுகள் (சந்தாவோ அதற்கு ஈடான வரவோ பதிவான ஆண்டுகள்) வேண்டும், குறைந்தது 10. ஒன்பது ஆண்டு இருந்தால் ஒன்பது பங்கு கிடைக்காது, ஒரு பைசாவும் கிடைக்காது. பத்தாவது ஆண்டு சேர்ந்துவிட்டால் இன்றைய விகிதத்தில் வாரம் சுமார் 69 பவுண்டு. ஆண்டுக்கு 3,500-க்கு மேல். ஒரே ஓர் ஆண்டு குறைந்ததால் இதை இழந்து, அது தெரியாமலே ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேலை செய்த ஆண்டெல்லாம் தகுதி ஆண்டு ஆகிவிடாது. பெட்ரோல் ஸ்டேஷனிலும் கடையிலுமாக இரண்டு மூன்று சின்ன வேலை பார்த்தவர்கள் கவனிக்க வேண்டும். சம்பளங்களைக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள்; ஏதாவது ஒரு வேலையின் சம்பளமாவது தனியாகக் குறைந்தபட்ச வரம்பை எட்டியிருக்க வேண்டும். 2025-26-ல் அந்த வரம்பு வாரம் 125 பவுண்டு. இரண்டு இடத்திலும் நூறு நூறு வாங்கியவர் மொத்தம் இருநூறு வாங்கியிருந்தாலும் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவேட்டில் ஒன்றும் ஏறாது. கையில் ரொக்கமாக வாங்கிய கூலி கணக்கிலேயே இல்லை. மறுபக்கம், வேலைக்கே போகாத அம்மாக்களுக்கு இருக்கும் வழி யாருக்கும் தெரிவதில்லை: 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சைல்டு பெனிஃபிட் என்னும் அரசு உதவித்தொகையை யார் பெயரில் வாங்கினார்களோ, அவர் பதிவேட்டில் அந்த ஆண்டுகள் வரவாக ஏறியிருக்கும். ‘நான் எங்கே வேலைக்குப் போனேன், எனக்கு எங்கே பென்ஷன்’ என்று அம்மா சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவருடைய என்.ஐ. (நேஷனல் இன்சூரன்ஸ்) நம்பரைத் தேடி எடுத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். பிரிட்டன் குடியுரிமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பென்ஷனுக்குக் குடியுரிமை தேவையில்லை.

குறையும் ஆண்டுகளைப் பணம் கட்டி வாங்கலாம். இங்கேதான் அலைக்கழிப்பு. பணத்தை வாங்குவது வரித்துறை, பென்ஷனைக் கொடுப்பது ஓய்வூதியத் துறை. பென்ஷனில் ஒரு பென்னி கூட்டாத ஆண்டுக்கும் நீங்கள் கட்டினால் வரித்துறை வாங்கிக்கொள்ளும்; நிறுத்திச் சொல்ல அங்கே யாரும் இல்லை. குறிப்பாக 2016-க்கு முன் என்.ஹெச்.எஸ். போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்கள் குறைந்த விகிதத்தில் சந்தா கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு 35 ஆண்டு இருந்தும் முழுத் தொகை வராமல் போகலாம்; எந்த ஆண்டை வாங்கினால் தொகை ஏறும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் முதலில் பென்ஷன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ‘இந்த ஆண்டுக்குக் கட்டினால் வாரத்துக்கு எவ்வளவு ஏறும்’ என்று ஆண்டு வாரியாகக் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டில் இருந்து கட்ட சி.எஃப்.83 படிவம். 2026 ஏப்ரல் 6-ல் விதி இறுகிவிட்டது. அதற்குப் பிந்தைய வெளிநாட்டுக் காலத்துக்கு மலிவான இரண்டாம் வகுப்புச் சந்தா கிடையாது. மூன்றாம் வகுப்பு மட்டும், 2026-27-ல் வாரம் 18.40 பவுண்டு, ஆண்டுக்குச் சுமார் 957. புதிதாக விண்ணப்பிப்பவர் பிரிட்டனில் 10 ஆண்டு தொடர்ந்து வசித்திருக்கவோ 10 ஆண்டு சந்தா கட்டியிருக்கவோ வேண்டும். முன்பு 3 ஆண்டு போதும். ஏழு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர், மீதி மூன்றை இங்கிருந்தே கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், புதிய ஆண்டுகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கடந்த 6 ஆண்டு வரையிலான பழைய இடைவெளிகளுக்கு இன்னும் பழைய விதிதான். ஆனால் ஒவ்வொரு ஏப்ரல் 5-ம் தேதியும் அதில் ஓர் ஆண்டு கை நழுவும். தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பம்

பென்ஷன் தானாக வராது. வயது 66, 1960 ஏப்ரல் 6 முதல் பிறந்தவர்களுக்குப் படிப்படியாக 67-க்குப் போகிறது. அந்த நாளுக்கு 4 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நியூகாசிலில் உள்ள சர்வதேச பென்ஷன் மையம்தான் அலுவலகம். தொலைபேசி +44 191 218 7777. தாமதமானால் முன்தேதியிட்டு அதிகபட்சம் 12 மாதம்தான் தருவார்கள். மிச்சம் தள்ளிவைத்த காலமாகக் கணக்காகி, 9 வாரத்துக்கு 1 சதவீதம் என்று தொகை கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உறைந்த நாட்டில் இருப்பவருக்கு அந்தக் கூடுதலைப் பழைய விகிதத்தில்தான் போடுகிறார்கள். லண்டன்காரருக்குச் சொன்ன யோசனையைக் கேட்டு இங்கே இருந்தபடி தள்ளிவைக்காதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் படும் பாடு தனி. பிரிட்டன் பதிவேட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும்; உள்ளூர் வங்கியில் இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். பணம் வந்து, பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிப் போகும். அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்ப வைப்பதற்குள் மாதங்கள் ஓடும். வங்கிக் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரை மாற்றிய பிறகு விண்ணப்பம் போடுங்கள். ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்கும் கட்டத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்; இந்தியாவில் அது கிடையாது. கணக்கு எண்ணும், வெளிநாட்டுப் பணம் வரத் தேவையான கிளையின் ஸ்விஃப்ட் குறியீடும் கொடுங்கள். எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது, மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். பணம் 4 வாரத்துக்கு ஒரு முறையோ 13 வாரத்துக்கு ஒரு முறையோ வரும். தொகை சின்னதாக இருந்தால் 13 வாரம் தேர்ந்தெடுங்கள், வரும் ஒவ்வொரு முறையும் வங்கி பிடிக்கும் கட்டணம் மிஞ்சும்.

லைஃப் சர்டிபிகேட்

பென்ஷன் திடீரென்று நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு படிவம் தபாலில் வரும். எப்போது வரும் என்று நாள் கிடையாது. தபால் தொலைந்தாலும், வீடு பூட்டியிருந்தாலும், வேலைக்காரம்மா அதை விளம்பரத் தாள் என்று எடுத்துப் போட்டாலும், பதில் வரவில்லை என்றே அவர்கள் கணக்கு வைப்பார்கள். பணம் நிற்கும். உயிரோடு இருப்பவர் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க, மருந்து வாங்கும் பணம் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.

இந்திய அரசின் டிஜிட்டல் உயிர்ச் சான்றான ஜீவன் பிரமாண் இதற்குச் செல்லாது. உள்ளூர் வங்கியில் நவம்பரில் கொடுக்கும் சான்றும் செல்லாது. வந்த படிவத்திலேயே நிரப்ப வேண்டும். யார் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியல் அதிலேயே இருக்கும். மருமகன் மருத்துவராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள், உறவினர் கையெழுத்து உதவாது. சாட்சியின் முன்னால் உட்கார்ந்து கையெழுத்திடுங்கள், இருவரின் தேதியும் ஒன்றாக இருக்கட்டும், முத்திரை தெளிவாக விழட்டும். நிரப்பியதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கமான தேதியில் பணம் வரவில்லை என்றால் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். மறுநாளே நியூகாசிலைக் கூப்பிடுங்கள். இந்திய நேரம் அவர்களை விடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நான்கரை மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. அவர்கள் அலுவலகம் திறந்த உடனேயே அழைத்தால் காத்திருப்பு குறையும். என்.ஐ. நம்பரைக் கையில் வைத்திருங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். காது சரியாகக் கேட்காத பெற்றோர் என்றால், அவர்கள் சார்பில் பிள்ளை பேசலாம் என்ற ஒப்புதலை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அது இல்லாமல் நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த முனையில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார்.

ஊர் திரும்பினால் கையை விட்டுப் போகும் வேறு சிலவும் உண்டு. வருமானம் குறைந்த முதியவர்களுக்குத் தரும் பென்ஷன் கிரெடிட் என்னும் உதவித்தொகை இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறியவருக்குக் கிடையாது. நீண்ட விடுமுறைக்கு வந்தால்கூடப் பொதுவாக 4 வாரத்துக்கு மேல் தொடராது. அதை நம்பிக் குடும்பம் நடத்துபவர் ஆறு மாதம் ஊரில் தங்கிவிட்டுப் போனால், லண்டன் வீட்டில் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் காத்திருக்கும். குளிர்கால எரிபொருள் உதவித்தொகையும் நிற்கும். என்.ஹெச்.எஸ். இலவச சிகிச்சையும் குடியிருப்போருக்குத்தான்: முப்பது ஆண்டு சந்தா கட்டியவரும், வெளிநாட்டில் குடியேறிய பின் விருந்தாளியாகப் போய் மருத்துவமனையில் சேர்ந்தால், அவசரப் பிரிவைத் தாண்டிய சிகிச்சைக்கு ஒன்றரை மடங்குக் கட்டணம் கேட்பார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோயை மறைக்காமல் எழுதி.