ஸ்பீக்கர் ஒயரில் ஏறும் களிம்பு

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். போன வருடம் அந்த ஈரத்தில் எங்கள் வீட்டு இடது பக்க ஸ்பீக்கரும் மங்கியது. நாதஸ்வரம் போட்டால் தவில் கரகரவென்று உடைந்து கேட்டது. ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போய்விட்டது என்றே நினைத்தேன். பின்பக்கம் கைவிட்டு ஒயரை அசைத்தபோதுதான் கரகரப்பு கூடிக் குறைவது தெரிந்தது. திருகைத் தளர்த்தி உருவிப் பார்த்தால், செம்புப் புரிகள் கருத்து, நுனியில் பச்சை பூத்திருந்தது. செம்புக் குடத்தில் ஏறுமே, அதே களிம்பு.

நல்ல ஸ்பீக்கர் ஒயர் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த நுனியில்தான் இருக்கிறது. போதிய தடிமனில் சுத்தமான செம்பு, இரண்டு முனையிலும் இறுக்கமான சுத்தமான இணைப்பு. இவ்வளவுதான் வேண்டும்.

தடிமன் ஏன்? மின்சாரத்துக்கு ஒரு பொருள் காட்டும் தடையை ஓமில் அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க ஆம்ப் 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் அனுப்ப வேண்டும். அதே 50 வாட்டில் ஒரு ஃபேன் 230 வோல்ட்டில் ஓடினால் கால் ஆம்பியர்கூட எடுக்காது. ஒயரில் வீணாகும் சக்தியோ மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். ஓட்டம் பத்து மடங்கானால் இழப்பு நூறு மடங்கு. 1932இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்திலிருந்து கோவை மில்களுக்கு மின்சாரம் இறங்கியபோது, வோல்ட்டை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்து அனுப்பியது இந்தக் கணக்கால்தான். ஸ்பீக்கருக்கு அந்த வழி இல்லை. குறைந்த வோல்ட், அதிக ஓட்டம். அதனால் ஒயர் தடிமனாக இருந்தே ஆக வேண்டும்.

ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் தடை. ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 20 மீட்டர். கடையில் கிடைக்கும் மெல்லிய அரை சதுர மி.மீ. ஒயரில் இது 0.7 ஓம் ஆகிவிடும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஏறக்குறைய 15 சதவீத சக்தி ஒயரைச் சூடாக்குவதற்கே போகும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு மூன்று சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும்.

சரி, வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் போதாதா? போதாது. ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருப்பது ஒரு தோராயம். ஒரு சுரத்தில் அது 6 ஓமாக இறங்கும், கட்டைச் சுரத்தில் ஓரிடத்தில் 30 ஓமைத் தாண்டவும் செய்யும். ஸ்பீக்கரின் தடை இறங்கும் இடங்களில் மெல்லிய ஒயர் பெரிய பங்கைத் தின்னும், ஏறும் இடங்களில் விட்டுவிடும். சில சுரங்கள் அமுங்கி, சில தூக்கலாகும். பாட்டின் குணமே மாறுகிறது. அதை வால்யூம் திருத்தாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செம்பு நிறத்தில் பளபளக்கும் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். சுருளைக் கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். அலுமினியத்தின் தடை செம்பைப்போல 1.6 மடங்கு. தடிமனைக் கூட்டி அதைச் சமாளிக்கலாம். ஆனால் அலுமினியம் திருகுக்குக் கீழே மெல்ல நசுங்கித் தளரும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். மலையில் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

வெள்ளி ஒயர் செம்பைவிட ஆறு சதவீதம் நன்றாகக் கடத்தும். கொஞ்சம் தடித்த செம்பு அதைவிட மலிவில் அதே வேலையைச் செய்யும். தங்கம் செம்பைவிட மோசமான கடத்தி, ஆனால் களிம்பு ஏறாது. அதனால் முனைக்குத் தங்கமுலாம் பூசிய பிளக் நம் ஊருக்கு உண்மையிலேயே நல்லது.

ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒயரின் கதை வேறு. அதில் ஓடுவது சில மில்லிவோல்ட்தான். அங்கே தடிமனைவிட, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உள்ளே புகாதபடி சுற்றிலும் பின்னிய உலோக உறைதான் முக்கியம்.

திரும்பக் களிம்புக்கு வருகிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒயர் நெடுகப் பச்சையாகத் தெரிந்தாலும் பயம் வேண்டாம்; அது மேல்தோல் மட்டும், உள்ளே செம்பு அப்படியே இருக்கும். முனையில்தான் ஆபத்து. புரிகளும் திருகும் தொட்டுக்கொள்வது ஒருசில புள்ளிகளில்; அவற்றுக்கு நடுவே களிம்பு நுழைந்தால் மின்சாரத்துக்கு வழி அடைபடும். குடத்துக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தங்கும் புளிப்பு மேலும் அரிக்கும். ஈயம் பற்றவைத்த நுனியைத் திருகின் கீழ் வைத்தால் அதுவும் நாளாக நசுங்கித் தளரும்.

நான் ஓர் அங்குலம் வெட்டி எறிந்தேன். புதிதாக உறை சீவியதும் ரோஜா நிறத்தில் செம்பு தெரிந்தது. புரி ஒன்றும் பிரியாமல் முறுக்கி, திருகினேன். தவில் திரும்பி வந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஓர் அடி ஒயரை உபரியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், அடுத்த மழைக்குப் பிறகு வெட்டுவதற்கு.