சுவரில் ஓதமா? பெயிண்டரைக் கூப்பிடும் முன் கட்டரைப் பாருங்கள்

சேலத்தில் கூரை வேலையும் குழாய் வேலையும் எடுத்துச் செய்கிறேன். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "சுவரில் ஓதம் ஏறுது, பெயிண்ட் உப்பி உப்பி உதிருது, வாட்டர் புரூஃப் அடிக்க எவ்வளவு ஆகும்?" வீட்டுக்குப் போனதும் நான் சுவரைத் தொடுவதில்லை. ஏணி போட்டு, கூரையிலிருந்து வழியும் மழைத்தண்ணீரைப் பிடித்துப் பைப்புக்கு அனுப்பும் ஓரத்துக் கால்வாயை, அதாவது கட்டரைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அது பிரிந்து போகாமல் ஒரே மூலையில் கொட்டினால் அஸ்திவாரத்தை ஒட்டிய மண் ஊறிப்போகும். உள்ளே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும்.

அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. தறிக்குழிக்குள் ஈரம் கசிந்தபடியே இருந்தது. சாக்கடைத் தண்ணீர் என்று நினைத்து, குழிக்குச் சிமெண்டும் பூசிப் பார்த்துவிட்டார்கள். கால் வைத்து மிதிக்கிற இடம் சொதசொதவென்று இருந்தால் மனுஷன் எப்படி நாள் முழுக்க உட்கார்ந்து நெய்வார்? மேலே ஏறிப் பார்த்தேன். தகரக் கட்டரின் நடுவில் ஒரு கிளாம்ப் கழன்று, அந்த இடம் தொங்கிப்போயிருந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். பைப் இருக்கும் மூலைக்குப் போகாமல் நடுவிலேயே நின்று, பின்பக்கமாக வழிந்து சுவரோடு இறங்கியது. அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் தறி. வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடும் சரிவை, சரிசெய்து புது கிளாம்ப் அடித்த பிறகு குழி காய்ந்துவிட்டது.

இந்த வாளிச் சோதனையை நீங்களே செய்யலாம். பத்து அடி நீளத்துக்கு அரை அங்குல வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். கண் மட்டத்தை நம்பாமல் நூல் பிடித்துப் பாருங்கள். கிளாம்ப் இரண்டரை அடிக்கு ஒன்று வேண்டும். காசு மிச்சம் என்று ஐந்தடிக்கு ஒன்று அடித்த கட்டர், இலையும் தண்ணீரும் சேர்ந்த கனத்தில் கட்டாயம் தொங்கும்.

ஒழுகும் ஜாயிண்டில் பழைய சிலிகான் மேலேயே புது சிலிகானைப் பிதுக்குவது வீண் செலவு. பழையதைச் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் பூசினால்தான் பிடிக்கும். தகரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதே வகைத் தகட்டை வெட்டி வைத்து ரிவிட் அடியுங்கள். தார் பூச வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு வெடித்துவிடும். பி.வி.சி. கட்டருக்கும் வெயில் பிரச்சினை உண்டு. 3 மீட்டர் துண்டு, 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 5, 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தினால் ஜாயிண்ட் பிளக்கும்.

ஏற்காட்டில் கதை வேறு. காப்பித் தோட்ட நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் இலை, நுனி பிரிந்து பிரிந்து இருக்கும். கட்டரில் விழுந்தால் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி படிந்துவிடும். பனியிலும் நிழலிலும் அது காய்வதே இல்லை. அடியில் தகரம் துருவேறிக்கொண்டே இருக்கும். மேலே வலை போட்டாலும் இலை வலை மேல் தங்கும், அதையும் தள்ளிவிடத்தான் வேண்டும். மலையில் மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். சேலத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் உண்டு என்பதால் மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் செய்தால் சரி, வீட்டை ஒட்டி மரம் இல்லாதவரை.

அடைத்த கட்டரில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வெதுவெதுப்பான நாட்களில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கீழே தொட்டி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் கவிழ்த்து வைக்கிறவர்கள் மேலே எட்டிப் பார்ப்பதில்லை.

ஏறுவதற்கு முன், கம்பத்திலிருந்து வீட்டுக்குக் கரண்ட் வரும் சர்வீஸ் வயர் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது பக்கத்தில் இருந்தால் அலுமினிய ஏணியை எடுக்கவே வேண்டாம். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஈர ஓட்டின் மேல் கால் வைக்காதீர்கள். ஓடு காய்ந்திருந்தாலும் நடுவில் மிதிக்காமல், அடியில் ரீப்பர் கட்டை தாங்கும் இடமாகப் பார்த்து மிதியுங்கள்.