நாப்லஸ் சோப்பும் உவர்நிலச் சாம்பலும்

பாலஸ்தீனத்து நாப்லஸ் நகரின் சோப்பில் மூன்றே பொருள்கள்தான்: ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வழக்கமும், ஊருக்கு ஊர் ஹம்மாம் என்னும் பொதுக் குளியலறையும் உள்ள அரபு நகரங்களில் இதற்கு எப்போதும் கிராக்கி. எல்லோரும் ஆலிவ் எண்ணெயைத்தான் புகழ்வார்கள். என்னைக் கேட்டால், சூட்சுமம் முழுக்கக் காரத்தில் இருக்கிறது.

அந்தக் காரம், அதாவது காஸ்டிக் சோடா, கடையில் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே உவர்நிலத்தில் முளைக்கும் செடிகளை பெதுயின் என்னும் நாடோடி மக்கள் வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். நம் தூத்துக்குடி உப்பளக் கரையில் பார்க்கிற உமரிச் செடிக்கு அவை உறவு. அந்தச் சாம்பல் ஒட்டகத்தில் ஏறி நாப்லஸுக்கு வரும். அரபியில் அதன் பெயர் 'கிலி'. பள்ளி வேதியியலில் படித்த 'ஆல்கலி' அதிலிருந்து வந்த சொல்தான்.

அடுப்புச் சாம்பல் ஆகாதா? சாதாரண விறகுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அதில் காய்ச்சினால் சோப்பு களிபோலக் குழைந்தே கிடக்கும். உவர்நிலச் செடியோ மண்ணிலுள்ள சோடியத்தை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. அதன் சாம்பலில் கிடைப்பது சோடியம் கார்பனேட். சோடியம் இருந்தால்தான் கட்டி சோப்பு.

சரி, கார்பனேட் மட்டும் போதுமா? எண்ணெயை உடைக்க அதற்கு வலு போதாது. அதனால் இடித்த சாம்பலோடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து தொட்டியில் பரப்பி வெந்நீர் ஊற்றுவார்கள். சுண்ணாம்பின் கால்சியம் கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு, கரையாத வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும். கீழே சொட்டுகிற நீரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடாவேதான். வடிந்த நீரைத் திரும்பத் திரும்பப் புதுச் சாம்பலில் விட்டு வலு ஏற்றுவார்கள்.

அப்புறம் கொப்பரையில் எண்ணெயும் கார நீரும் நாள்கணக்கில் வேகும். எண்ணெய் உடைந்து கிளிசரின் பிரிய, கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகும். காரம் மிஞ்சினால் தோல் எரியும், எண்ணெய் மிஞ்சினால் பிசுக்கு போகாது. தலைமைத் தொழிலாளி மரக்கோலில் கொஞ்சம் எடுத்து முகர்ந்தே பதம் சொல்வார். கொழுப்பின் அமைப்பை பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் நூலாக எழுதியது 1823-இல். அந்தப் பதம் அதற்கு வெகுகாலம் முன்பே இவர்கள் மூக்குக்குத் தெரிந்திருந்தது.

பதம் வந்ததும் சுடச்சுட வாளியில் அள்ளித் தோளில் சுமந்து மாடிக்கு ஏறுவார்கள். தரை முழுக்க ஊற்றி, உறைந்ததும் சாயம் தோய்த்த நூலால் கோடு போட்டு வெட்டி, கட்டிக்குக் கட்டி முத்திரை குத்துவார்கள். பிறகு ஆளுயரத்துக்கும் மேலே, நடுவில் கூடு விட்டு, கோபுரமாக அடுக்குவார்கள். கட்டிகளின் இடுக்கில் காற்று புகுந்து ஈரத்தை எடுத்துப் போக மாதங்கள் ஆகும்.

1927 நிலநடுக்கத்தில் நகரம் பலத்த சேதம் அடைந்தது. 2002-இல் இஸ்ரேலியப் படையெடுப்பில் பழைய நகரின் சோப்பாலைகள் சில இடிந்தன. நாப்லஸ் சோப்புத் தொழிலை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாம்பல் ஏற்றிய ஒட்டகங்கள் இப்போது வருவதில்லை, ஆலைக் காஸ்டிக் சோடாதான் வருகிறது. மாடியில் கோபுரம் அடுக்குவது மட்டும் இன்னும் கையால்தான்.